பிள்ளையைப் பார்ப்பது யார்? – ஜூரோங் கூறும் வரலாறு



தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்க்குப் பால்வாளியும் கத்தியும் நினைவுக்கு வருமுன் ஒரு கேள்வி நினைவுக்கு வரும். 'பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?' என்பதே அக்கேள்வி. கைக்குழந்தையானால் ஏணையில் கிடக்கும். பள்ளிப் பிள்ளையானால் தானே நடந்து பள்ளிக்குப் போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட, ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலான நடை பழகும் பிள்ளைதான் பெற்றோருக்குப் பெருங்கவலை. அதற்குக் கால் உண்டு; அச்சம் இல்லை. கை எட்டும், புத்தி எட்டாது.

அரசர்களின் வரலாற்றை நாம் பள்ளியில் படிக்கின்றோம். போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்கின்றோம். இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் ஒரு நாளுக்கும் வரலாறு உண்டென்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அவ்வரலாற்றைச் சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள ஜூரோங் என்னும் ஊரை எடுத்துக்கொண்டு காண்போம்.

ஏன் ஜூரோங்? சென்ற பள்ளி விடுமுறையில் நான் அங்குள்ள என் தம்பி வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். தம்பி ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அவருடைய மனைவி அலுவலக வேலைக்குப் போகின்றார். தாமதமாகப் பிறந்த ஒரே மகனுக்கு வயது இரண்டு. பதினோராம் மாடியில் வீடு. காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலுள்ள பராமரிப்பு நிலையத்தில் விடுகின்றார்கள். மாலை ஆறரை மணிக்கு அழைத்து வருகின்றார்கள். பிறகு குளியல், சோறு. சமையல் முடியும்வரை சிறிது நேரம் தொலைக்காட்சி. ஒன்பது மணிக்குத் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீச்சல் குளம். இதுதான் அந்த வீட்டின் நடைமுறை.

"நம்ம காலத்துல இதெல்லாம் இல்லையே தம்பி" என்றேன் நான்.

"நமக்கு ஆயாக் கொட்டகை இருந்துச்சே அக்கா" என்றார் அவர்.

அந்த ஒரு பதிலே இவ்வுரைக்கு வித்தாயிற்று.

ஜூரோங் இன்று அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். ஆனால் அதன் பழைய முகம் நமக்குப் பழக்கமான முகமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் காம்பியர் செடியும் மிளகும் பயிராயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. சியூ பூன் லே என்னும் சீன வணிகர் காம்பியரிலிருந்து ரப்பருக்கு மாறிய பெரிய தோட்டக்காரர். அவர் 1933ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று ஜூரோங்கில் 'பூன் லே' என்று வழங்கும் வட்டாரமும் இரயில் நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆற்றோரத்தில் அலையாத்திக் காடுகளும் இறால் குட்டைகளும் இருந்தன. மேட்டில் ரப்பர் மரங்களும் கம்பத்து வீடுகளும் இருந்தன.

அக்காலத்தில் ஒரு பிள்ளை தன் முதற் பிறந்தநாளைக் காண்பதே பெரும் பேறாக இருந்தது. 1927ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் நாட்டுப்புறப் பகுதிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டுக்குள் மாண்டன. நான்கில் ஒன்றுக்கும் மேல் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டில் ஐடா சிம்மன்ஸ் என்னும் பிரிட்டிஷ் தாதியர் அப்பகுதிகளின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பெண்களைப் பழக்கினார். தாய் மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், அவர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். குழந்தையை நிறுத்துப் பார்த்தார்கள். பால் கொடுக்கும் முறையையும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் முறையையும் விளக்கினார்கள். சிற்றூர்களில் தாய்சேய் நலக் கூடங்கள் எழுந்தன. இடையில் ஜப்பானியர் காலத்தில் அந்த அம்மையார் சிறைப்பட்டார். விடுதலையானதும் அதே பணிக்குத் திரும்பினார். அவர் ஓய்வு பெற்ற 1948ஆம் ஆண்டில் 263 என்ற எண்ணிக்கை 57 ஆகக் குறைந்திருந்தது.

நகரத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இன்று லிட்டில் இந்தியா என்று வழங்கும் தமிழர் வட்டாரத்தில் மாட்டு வாணிகம் செழித்திருந்தது. அதனருகில் இருந்த ஆஸ்பத்திரிக்கு மலாய் மொழியில் 'எருமைத் தொழுவம்' என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரே நிலைத்தது. நம்மவர் அதனைக் 'கே.கே. ஆஸ்பத்திரி' என்பர். 1924ஆம் ஆண்டில் அது பிரசவ மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 109 பிரசவங்கள்! ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனைப் பிரசவங்கள் நடந்தது உலக சாதனையாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு காலத்தில் வீட்டு மூலையிலும் லயத்துக் காம்பராவிலும் நடந்த பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோது, தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது.

பிள்ளை பிழைத்துவிட்டது. இனி அதனை வளர்க்க வேண்டுமே! தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் அது யாருடைய கண் பார்வையில் வளரும்?

நம் மலாயாத் தோட்டங்கள் இதற்குக் கண்ட விடை ஆயாக் கொட்டகை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. தாய் பிரட்டுக்குப் போகுமுன், இருட்டோடு இருட்டாகப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அங்கே விடுவாள். வரிசையாக ஏணைகள் தொங்கும். வயதான அம்மா ஒருவர் பொறுப்பில் இருப்பார். பெரும்பாலும் அவரும் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவராகவே இருப்பார். பால், கஞ்சி, ரொட்டி ஆகியவை மங்குகளில் வழங்கப்படும்.

அக்கொட்டகைகள் குறையற்றவை என்று நான் கூறமாட்டேன். பல இடங்களில் கூரை ஒழுகியது. ஈ மொய்த்தது. ஒரே ஆயாவிடம் அளவுக்கு மீறிய பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் ஒரு பெரிய நன்மையும் அங்கே இருந்தது. அதனை என் சொந்த வாழ்விலிருந்தே கூறுகின்றேன்.

எனக்கு ஐந்து வயது; என் தம்பிக்கு இரண்டு வயது. எங்கள் ஆயாவிடம் அன்று இருபத்து மூன்று பிள்ளைகள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். கோழிக் குஞ்சுகளை எண்ணுவதுபோல எங்களை எண்ணிக்கொண்டே இருப்பார். அன்று எண்ணியபோது இருபத்திரண்டுதான் வந்தது. மறுபடியும் எண்ணவில்லை, எழுந்து ஓடினார். கொட்டகையின் பின்புறம் துணி துவைக்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதில் முழங்கால் அளவுத் தண்ணீர். என் தம்பி தலைகுப்புற அதற்குள் கிடந்தான். அழுகை இல்லை, கூச்சல் இல்லை, தண்ணீர் தளும்பும் ஓசைகூட எங்களுக்குக் கேட்கவில்லை. ஆயா தூக்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினார். தண்ணீரைக் கக்கிய பிறகுதான் அவன் அழுதான். அந்த அழுகையைப் போல இனிய ஓசையை என் தாயார் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்பார். அந்த ஆயா இன்று இல்லை. என் தம்பி இருக்கின்றார்.

இனி ஜூரோங்கிற்குத் திரும்புவோம். சிங்கப்பூர் 1959ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்றபோது வேலையின்மை பெரும் சிக்கலாக இருந்தது. 1960ஆம் ஆண்டில் நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் ஐக்கிய நாட்டு நிறுவனக் குழு ஒன்று வந்து ஆராய்ந்தது. 1961ஆம் ஆண்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக மாற்ற முனைந்தார். குன்றுகள் வெட்டப்பட்டன, சதுப்பு தூர்க்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொடக்கத்தில் தொழிற்சாலைகள் போதிய அளவில் வரவில்லை. 'கோவின் மடமை' என்று பலர் எள்ளினார்கள். பின்னர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1968ஆம் ஆண்டில் ஜூரோங் நகரக் கழகம் தோன்றியது.

இங்கேதான் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி இருக்கின்றது. ஆலை வந்தது; ஆட்கள் வேலைக்கும் வந்தார்கள்; ஆனால் அங்கே குடியிருக்க வரவில்லை. தாமான் ஜூரோங்கில் புதிய அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டும், பலர் நகரத்திலிருந்தே நெடுந்தொலைவு பயணம் செய்து வேலைக்கு வந்து போனார்கள். கடைகள் குறைவு; பள்ளிகள் குறைவு; பொழுதுபோக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டியும் பெரியம்மாவும் அண்டை வீட்டாரும் இல்லை. புகையும் புழுதியும் நிறைந்த ஊருக்குக் கைப்பிள்ளையோடு யார் குடிவருவார்?

ஆலையை மட்டும் கட்டினால் ஊர் ஆகாது என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்தார்கள். பிள்ளை குட்டியோடு குடும்பங்கள் வந்தால்தான் அது ஊர். ஆகவே ஆற்றின் குறுக்கே அணை கட்டி ஏரி அமைத்தார்கள். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில் காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கும் வந்தது. பின்னர் ஜப்பானியத் தோட்டமும் 1975ஆம் ஆண்டில் சீனத் தோட்டமும் திறக்கப்பட்டன. இவற்றுள் திரையரங்கு 1985ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பறவைப் பூங்கா 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய் என்னும் இடத்திற்குச் சென்றன. ஏரியும் அதன் கரையிலுள்ள பூங்காக்களும் நிலைத்து நிற்கின்றன. தம்பி மகன் மாலையில் அங்கேதான் ஓடி விளையாடுகின்றான்.

ஆலைகளில் பெண்களின் கைகளும் தேவைப்பட்டன. மின்னணுச் சாமான், துணி, ஆடை முதலிய தொழில்களில் இளம்பெண்கள் முறை மாற்றி இரவும் பகலும் வேலை செய்தார்கள். தோட்டத்துத் தாயின் பழைய கேள்வி இப்போது ஆலைத் தாயின் கேள்வியாயிற்று. அரசின் சமூக நலப் பகுதி சில பிள்ளைக் காப்பகங்களை நடத்திவந்தது. 1977ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவற்றை ஏற்று நடத்தத் தொடங்கியது. தொழிலாளரின் பிள்ளையைப் பார்ப்பது தொழிற்சங்கத்தின் கடமைகளில் ஒன்று என்று ஒரு சங்கம் கருதியது கவனிக்கத் தக்கது. 1988ஆம் ஆண்டில் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. எத்தனைப் பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர், எவ்வளவு இடம், என்ன உணவு என்பவை ஒழுங்குக்கு உட்பட்டன. தம்பி மகன் போகும் நிலையத்தின் ஆசிரியை, பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லும்போது வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவதைக் கண்டேன். எங்கள் ஆயாவின் நினைவு வந்தது.

நேயர்களே, அடுத்துத் தொலைக்காட்சியைப் பற்றிக் காண்போம். 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மாலை ஆறு மணிக்குச் சிங்கப்பூரில் தொலைக்காட்சி பிறந்தது. அதனைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கலாசார அமைச்சர் எஸ். இராஜரத்தினம். அவர் தமிழர், ரப்பர் தோட்டத் தொழிலோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்து செரம்பான் வட்டாரத்தில் வளர்ந்தவர். அவருக்கு முன் பிறந்த தமையன் சிறு வயதிலேயே இறந்துபோனதால், இவராவது நலமாகப் பிறக்கட்டும் என்று பெற்றோர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்குச் சென்று 1915ஆம் ஆண்டில் இவரைப் பெற்று வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் அச்சம் எத்தகையது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. சமுதாய வாழ்விலும் பண்பாட்டிலும் பெரும் புரட்சி ஒன்று அன்றிரவு தொடங்கக்கூடும் என்ற கருத்தை அவர் அவ்விழாவில் கூறினார்.

அந்த முதல் இரவின் நிகழ்ச்சிகளில் கேலிச் சித்திரப் படங்களும் இருந்தன. ஆகவே தொலைக்காட்சி பிறந்த அன்றே பிள்ளைகளை நோக்கிக் கை நீட்டிவிட்டது எனலாம். அக்காலத்தில் பெட்டி வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. சமூக நிலையங்களில் பெட்டி வைக்கப்பட்டது. மாலையானால் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடின்றித் தரையில் அமர்ந்து பார்த்தார்கள். பிள்ளை மடியில் இருக்கும். தாய் திரையைக் காட்டிக் கதை கூறுவாள். அதே 1963ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கியது. நம் தோட்டங்களில் கிராணியார் வீட்டு வாசலிலும் மன்றத்துக் கூடத்திலும் கூட்டமாக நின்று படம் பார்த்த கதையைப் பெரியவர்கள் அறிவார்கள். 1974ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 1978ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் வண்ணம் வந்தது. சிறிது சிறிதாகப் பெட்டி பொது இடத்திலிருந்து வீட்டுக்குள் வந்தது. பிறகு கைப்பேசியாகிச் சட்டைப் பைக்குள் வந்தது. இப்போது பிள்ளையின் கைக்குள்ளேயே வந்துவிட்டது. மடியும் கதையும் வழியில் எங்கோ தவறிப்போயின.

படம் பார்த்தால் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்று சிலர் எண்ணுகின்றார்கள். நடை பழகும் வயதில் பேச்சு வருவது வேறு வழியில். பிள்ளை ஒரு மழலை கூறும். நாம் மறுமொழி கூறுவோம். அது மீண்டும் ஒன்று கூறும். பந்து எறிந்து விளையாடுவதைப் போன்ற இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழி வளர்கின்றது. திரை பேசும், ஆனால் பிள்ளை கூறியதைக் கேட்டு மறுமொழி கூறாது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் பெற்றோர் பிள்ளையோடு பேசும் சொற்களும் குறைந்துவிடுகின்றன என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டு வயது முடியாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது; அதற்கும் குறைந்தால் இன்னும் நன்று. ஓடியாடி விளையாடுவதற்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். சிங்கப்பூர் அரசும் 2025ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தியது. பதினெட்டு மாதம் வரை திரை கூடாது. அதன் பிறகு ஆறு வயது வரை, பள்ளி நேரம் நீங்கலாக, ஒரு மணி நேரத்திற்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்றது.

என் தம்பி மனைவி இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றார். அடுப்பில் குழம்பு கொதிக்கும்வரை பெட்டி ஓடும். குழம்பை இறக்கியதும் பெட்டியை நிறுத்துவார். பிள்ளை அழுவான். "என்ன பார்த்தே? யானை என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டபடி அவனைத் தூக்கிக்கொள்வார். அவன் அழுகையை நிறுத்தி, யானை செய்ததைச் செய்து காட்டுவான்.

இனி நீச்சலைப் பார்ப்போம். கிணறும் ஆறும் குளமும் உள்ள ஊரில் பிறந்த தமிழனுக்கு நீச்சல் புதிதன்று. ஆனால் நகரத்தில் நீந்த இடம் வேண்டும். சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் 1931ஆம் ஆண்டில் மவுண்ட் எமிலி என்னும் குன்றில், பழைய குடிநீர்த் தேக்கத்தைக் கொண்டு அமைக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தொலைவு. 1957ஆம் ஆண்டில் அதே வட்டாரத்தில் ஃபேரர் பார்க் நீச்சல் குளமும் வந்தது. இவை இரண்டும் இன்று இயங்கவில்லை. அடுக்குமாடி நகரங்கள் பெருகியபோது அவற்றோடு பொதுக் குளங்களும் பெருகின. ஜூரோங் ஈஸ்டில் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வளாகத்தில் கடலைப் போல அலை எழுப்பும் குளமும் சறுக்குப் பாதைகளும் இருந்தன. வசதி படைத்தோர் சங்கங்களில் மட்டும் கிடைத்த நீச்சல், சில காசுகளில் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைத்தது. 2010ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலோடு தண்ணீரில் உயிர் காக்கும் முறையையும் கற்பிக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது.

தண்ணீர் விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளை. நடை பழகும் பிள்ளைக்கு உடலின் அளவோடு ஒப்பிட்டால் தலை கனமானது. குனிந்து வாளிக்குள் பார்க்கும், கால் வழுக்கும், தலை உள்ளே போய்விடும். திரும்ப எழுந்து நிற்கும் வலு அதற்கு இல்லை. வாய் நீருக்குள் இருப்பதால் கத்தவும் முடியாது. ஒரு சாண் தண்ணீரே போதும். சில நிமிடங்களே போதும். என் தம்பி ஓசையின்றிக் கிடந்ததன் காரணம் இதுதான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலுதவிப் பாடத்தின்போதுதான் நான் அறிந்தேன்.

இதற்குப் பரிகாரம் என்ன? வங்காள தேசம் நமக்கு நல்ல வழி காட்டியிருக்கின்றது. அங்கே வீட்டுக்கு வீடு குட்டை. காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்திலேயே பிள்ளைகள் அதிகமாக மாண்டன. ஆகவே கிராமங்களில் 'ஆஞ்சல்' என்னும் பிள்ளைக் கூடங்களைத் தொடங்கினார்கள். ஆஞ்சல் என்றால் முந்தானை. ஊர்ப் பெண் ஒருவரும் துணைக்கு ஒருவரும் அந்த நேரத்தில் சுமார் இருபது, இருபத்தைந்து சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அக்கூடங்களில் சேர்ந்த பிள்ளைகள் மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கு இல்லை. ஒரு கூடம், ஒரு கதவு, இரண்டு கண் போதுமானதாக இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்கும் இம்முறையைப் பரிந்துரைக்கின்றது. உலகம் இன்று ஆராய்ந்து கண்ட இம்மருந்தை நம் தோட்டத்து ஆயா படிக்காமலேயே கையாண்டார் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை நானும் குளத்திற்குப் போனேன். தம்பிக்கு இன்றும் நீந்தத் தெரியாது. சிறு வயதில் பட்ட அச்சம் அவரைத் தண்ணீரிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. மகன் பிறந்த பிறகுதான் குளத்தில் இறங்கினார். சிறுவர் குளத்தில் இடுப்பளவு நீரில் பிள்ளைக்கு எதிரே ஒரு கை நீளத்தில் நின்றுகொண்டு அவனை மிதக்கப் பழக்குகின்றார். கைப்பேசி வீட்டிலேயே இருந்தது. "நீ கரையில உக்காந்து பார்த்தா என்ன?" என்று கேட்டேன். "கரையில இருந்தா கை எட்டாதே அக்கா" என்றார்.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு எதனைக் கூறுகின்றது? மருத்துவமனை, பராமரிப்பு நிலையம், தொலைக்காட்சி, நீச்சல் குளம் என்று ஒவ்வொரு காலத்திலும் புதிய வசதிகள் வந்தன. அவை உயிரைக் காத்தன, சுமையைக் குறைத்தன, மகிழ்ச்சியும் தந்தன. ஆனால் இவற்றுள் எதுவும் அருகிலிருந்து பார்க்கும் ஒரு மனிதரின் இடத்தை நிரப்பவில்லை. ஐடா சிம்மன்ஸின் தாதியர் முதல் ஆஞ்சலின் பெண்கள் வரை, பிள்ளைகளைக் காத்த எந்த ஏற்பாட்டிலும் நேரில் வந்து பார்க்கும் ஒருவர் இருந்தார்.

இது நமக்கு இன்று மிகவும் வேண்டிய பாடம். தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல ஆயாக் கொட்டகைகள் பாழடைந்து கிடக்கின்றன. 1998ஆம் ஆண்டில் ஜொகூரையும் துவாஸையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பின், நம் இளைஞர்கள் பலர் ஜூரோங் ஆலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் போய் வருகின்றார்கள். விடியுமுன் புறப்பட்டுப் பிள்ளை தூங்கிய பின் திரும்புகின்றார்கள். பிள்ளை தோட்டத்தில் பாட்டியிடம் இருக்கின்றது. பாட்டிக்கு முழங்கால் வலி. பிள்ளையின் பின்னால் ஓட முடிவதில்லை. ஆகவே கைப்பேசி ஆயாவாகிவிட்டது. அது பிள்ளையை உட்கார வைக்கும், எண்ணிப் பார்க்காது. வெளியே மழைநீர் நிறைந்த பீப்பாய் நிற்கின்றது.

யாரையும் குறை கூறுவதற்காக இதனைக் கூறவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பாலம் கடப்பவர் பிள்ளையின் மீது அன்பற்றவர் அல்லர். நம்மால் இயன்ற சிலவற்றைச் செய்வோம். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்போம். பீப்பாய்க்கும் கிணற்றுக்கும் உறுதியான மூடி போடுவோம். திரையைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் மடியில் வைத்துச் சேர்ந்து பார்ப்போம். ஒரு லயத்தில் நான்கு வீடுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால், முறை வைத்து ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். சட்டம் தரும் உரிமையையும் கேட்டுப் பெறுவோம். 2023ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தாய்க்கு 98 நாள் பிரசவ விடுப்பும், ஓராண்டு வேலை செய்த தகப்பனுக்கு 7 நாள் விடுப்பும் சட்டத்தில் உள்ளன. சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளையின் தகப்பனுக்கு 4 வாரம் உண்டு. பிள்ளையைப் பார்ப்பது தாயின் வேலை மட்டுமன்று என்று சட்டமே கூறத் தொடங்கிவிட்டது.

இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பியதும், முகம் கழுவுமுன் ஒருமுறை உங்கள் லயத்துச் சிறு பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருக்கட்டும்.